பட்டறைக் கேள்வி–பதில்: கிலோ ரேட்டைத் தாண்டிய வேலை

வடசென்னையிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. கேட், கிரில் என்று ஓடிக்கொண்டிருக்கும் பட்டறையை, வாடிக்கையாளர் தேடி வந்து தனி டிசைன் கொடுக்கும் பட்டறையாக மாற்றுவது எப்படி? கைத்திறன் போதவில்லை என்று யாரும் எழுதவில்லை. விலை, எழுதி வாங்க வேண்டிய தாள், உப்புக்காற்று இந்த மூன்றில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் பதில்களும் அங்கேயே கூடுதலாக நிற்கின்றன.

தண்டையார்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சுருள் வேலை, பூ வேலை எல்லாம் கையாலேயே செய்வேன். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் “கிலோ என்ன ரேட்?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். டிசைன் வேலைக்கு எப்படி விலை சொல்வது?

கிலோ ரேட் என்பது நேர்க்கம்பி கிரில்லுக்கு ஏற்பட்ட கணக்கு. அதில் எடை கூடினால் வேலையும் ஏறக்குறைய அதே அளவில் கூடும். சுருள் வேலையில் அப்படி இல்லை. எடை அப்படியே இருக்கும், நேரம்தான் கூடிக்கொண்டே போகும். ஒரு கேட்டை எடுத்துப் போட்டுப் பார்ப்போம்.

1.2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் உள்ள ஒற்றைக் கதவு கேட். சுற்றுச் சட்டம் 50×50 சதுர டியூப், 2 மி.மீ. கனம். அது மீட்டருக்கு 3 கிலோ. 6 மீட்டருக்கு 18 கிலோ. உள்ளே 12 மி.மீ. சதுரக் கம்பி 22 மீட்டர், மீட்டருக்கு 1.13 கிலோ வீதம் 25 கிலோ. சுருளுக்கு 25×5 பட்டை 10 மீட்டர்; அது ஒரு 10 கிலோ. மொத்தம் 53 கிலோ, வெட்டுச் சேதம் 8 சதவீதம் சேர்த்தால் 57. (பட்டைக்கு அகலம் × கனம், இரண்டும் மி.மீ.யில், பெருக்கு 0.00785. உருண்டைக் கம்பிக்கு விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் போதும். இரண்டிலும் வருவது ஒரு மீட்டரின் எடை, கிலோவில்.)

இதே 57 கிலோவில் நேர்க்கம்பி கேட் ஒன்றரை நாளில் முடியும். உங்கள் டிசைனில் 32 சுருள் இருக்கிறது என்று வையுங்கள். ஒன்றுக்கு வளைத்து, ஜிக்கில் (அளவு அச்சில்) சரிபார்த்து, நுனி அடிக்க 25 நிமிடம் என்றால் சுருளுக்கு மட்டும் 13 மணி நேரத்துக்கு மேல். கிலோ ரேட்டில் இந்த 13 மணி நேரம் எங்கேயும் தெரியாது. தெரியாததற்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

முதலில் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலையைக் கண்டுபிடியுங்கள். வாடகை, கரண்ட், கேஸ், வெல்டிங் ராடு, கட்டிங் வீல், உதவியாளர் கூலி, உங்கள் வீட்டுக்குப் போக வேண்டிய பணம் எல்லாம் சேர்ந்து மாதம் 78,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 26 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 208 மணி. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அளவெடுக்கப் போவது, செம்புதாஸ் தெருவில் பொருள் வாங்குவது, வண்டிக்குக் காத்திருப்பது எல்லாம் போக மேசையில் வேலை ஓடுவது 130 மணி இருந்தாலே அதிகம். 78,000-ஐ 130-ஆல் வகுத்தால் மணிக்கு 600. சுருள் வேலை மட்டும் 8,000 ரூபாய்க்கு அருகில் வந்துவிட்டது. எண்கள் உங்கள் பட்டறைக்குத் தக்கபடி மாறும், வழி இதுதான்.

மதிப்பீட்டுத் தாளில் பொருள், பட்டறை வேலை மணி, பெயின்ட் அல்லது கால்வனைசிங் (துத்தநாகப் பூச்சு), ஏற்றி இறக்குவது, பொருத்துவது என்று தனித்தனி வரியாக எழுதுங்கள். பேரம் பேசுகிறவரிடம் விலையைக் குறைக்காதீர்கள், சுருளைக் குறையுங்கள். “32 சுருளை 16 ஆக்கினால் இவ்வளவு குறையும்” என்று சொல்ல முடிகிற பட்டறையை அடுத்த தெருவோடு ஒப்பிட முடியாது. தாள் 10 நாளுக்குத்தான் செல்லும் என்றும் எழுதிவிடுங்கள், இரும்பு விலை அதற்கு மேல் நிற்காது.

வரைபடம் இல்லாமல் டிசைன் வேலையைத் தொடவே கூடாது. போனில் ஒரு படத்தைக் காட்டி “இதே மாதிரி” என்பார்கள். அந்தப் படத்தில் இருப்பது 10 அடி கேட், அவர்கள் வாசல் 4 அடியாக இருக்கும். அதே சுருளைச் சுருக்கினால் 5 மி.மீ. பட்டை அந்த வளைவுக்கு வராது, நசுங்கி முறுக்கிக்கொள்ளும். பத்தில் ஒரு பங்கு அளவில் படம் போட்டு அளவுகளோடு கையெழுத்து வாங்குங்கள். ஒரு சதுர அடிக்கு மாதிரித் துண்டு ஒன்று நிஜப் பொருளில் செய்து காட்டுங்கள். படத்துக்கும் மாதிரிக்கும் தனிக் கட்டணம் வாங்கி, வேலை உறுதியானால் மொத்தத்தில் கழித்துக்கொள்ளலாம். கையெழுத்தானதும் 50 சதவீதம், பெயின்டுக்கு முன் பட்டறையில் வந்து பார்த்ததும் 40, பொருத்தியதும் 10. அந்த 40-ஐ வாங்காமல் பிரைமர் அடிக்காதீர்கள். பெயின்ட் அடித்த பிறகு “இந்தப் பூ கொஞ்சம் பெரிசா இருக்கே” என்றால் அறுத்து, சுரண்டி, மறுபடி ஒட்டுகிற செலவு முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.

திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்து வீட்டுக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடியும் கேட்டும் செய்து கொடுத்தேன். ஆறு மாதத்தில் பழுப்புக் கறை வந்துவிட்டது. 304 கிரேடு என்று சொல்லித்தான் வாங்கினேன். வீட்டுக்காரர் என்னைக் குறை சொல்கிறார்.

மூன்று இடத்தில் தவறு நடந்திருக்கலாம். மூன்றையும் பார்க்க வேண்டும்.

ஒன்று, பொருள். 304 என்று சொல்லி 202 அல்லது அதைவிட நிக்கல் குறைந்த ரகத்தை விற்பது பழைய பழக்கம். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியாது, அந்த ரகங்களும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டா. 304-ல் நிக்கல் 8 சதவீதத்துக்குக் குறையாது. 202-ல் 4 முதல் 6 வரைதான், அதை ஈடுகட்ட மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். இந்த மாங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவம் சின்ன பாட்டிலில் கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டு பாட்டரியைத் தொட வைத்தால், மாங்கனீசு மிகுந்த ரகத்தில் நிறம் சிவக்கும். ஒவ்வொரு லோடிலும் ஒரு துண்டைச் சோதியுங்கள். பில்லில் கிரேடு எழுதி வாங்குங்கள், பெரிய வேலைக்கு ஆலைச் சான்றும் கேளுங்கள்.

இரண்டு, கடல். அசல் 304-ஆக இருந்தாலும் அலைச்சாரல் எட்டுகிற தூரத்தில் தேநீர்க் கறை போலப் பழுப்பேறும். உப்பிலுள்ள குளோரைடு மேல் படலத்தைத் துளைக்கிறது. அங்கே 316 வேண்டும். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. ஒட்டும் கம்பியும் 316எல் ஆக இருக்க வேண்டும். 304-க்கு என்றால் 308எல், எஸ்.எஸ்.ஸை இரும்போடு ஒட்டும்போது 309எல். பாலிஷ் எவ்வளவு மழமழப்போ அவ்வளவு நல்லது. கரடுமுரடான கோடுகளில் உப்பு தங்கிவிடும். மழைநீர் படாத இடத்தில்தான் கறை சீக்கிரம் வரும், கைப்பிடியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.

மூன்று, உங்கள் பட்டறையும் அவர்கள் வீடும். இரும்பு அறுத்த வீலால் எஸ்.எஸ்.ஸைத் தொட்டால் இரும்புத் துகள் பதிந்து அதுவே துருப்பிடிக்கும். வீல், பிரஷ், மேசை விரிப்பு எல்லாம் தனியாக இருக்கட்டும். ஒட்டின் ஓரத்தில் தெரியும் நீலம், பழுப்பு வளையத்தை அப்படியே விடக் கூடாது. அந்த இடத்தில் குரோமியம் குறைந்திருக்கும், கறை அங்கேதான் தொடங்கும். அந்த வளையத்தை எடுக்கும் பிக்ளிங் பேஸ்ட்டில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கிறது, தோலில் பட்டால் எலும்பு வரை பாதிக்கும். அதற்கான கையுறையும் கண்ணாடியும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் கையில் இல்லாமல் அந்த டப்பாவைத் திறக்காதீர்கள். பிரஷ் வைத்த மின்வழி ஒட்டுச் சுத்திகரிப்புக் கருவி சிறு பட்டறைக்குப் பாதுகாப்பானது.

வீட்டுப் பக்கம் ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள். புது வீட்டில் தரையின் சிமென்ட் கறையை ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். அந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டின் புகை பட்டாலே எஸ்.எஸ். கெட்டுவிடும். கைப்பிடி பொருத்துவது ஆசிட் வாஷ் முடிந்து தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிய பிறகுதான் என்று மதிப்பீட்டுத் தாளிலேயே எழுத வேண்டும். இப்போது வந்திருப்பது மேல்கறை மட்டும் என்றால் சிட்ரிக் அமிலக் கரைசலில் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசினால் போகும். சின்னக் குழிகள் விழுந்திருந்தால் தேய்த்துப் பாலிஷ் போட வேண்டும். அதன் பிறகு மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவச் சொல்லி ஒரு அட்டை கொடுங்கள். கடலோர வேலைக்கு அந்த அட்டையும் வேலையின் ஒரு பாகம்.

எண்ணூர் பக்கம் இரும்பு கேட் கால்வனைசிங் செய்து தரச் சொல்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

டியூபில் ஓட்டை. சட்டம் முழுவதையும் சுற்றி ஒட்டி அடைத்து அனுப்பினால், ஏறக்குறைய 450 டிகிரி உருகிய துத்தநாகத் தொட்டியில் உள்ளே இருக்கும் ஈரமும் காற்றும் விரிந்து டியூப் வெடிக்கும். தொட்டி அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு அடைத்த டியூபிலும் எதிரெதிர் மூலையில் இரண்டு ஓட்டை வேண்டும். 50 மி.மீ. டியூபுக்கு 10 மி.மீ.க்குக் குறையக் கூடாது. எங்கே போடுவது என்று கால்வனைசிங் ஆலைக்காரரிடம் படத்தைக் காட்டிக் கேட்டு, அறுக்கும்போதே போட்டுவிடுங்கள்.

மெல்லிய தகடும் கனமான சட்டமும் ஒன்றாக ஒட்டியிருந்தால் தொட்டியில் கோணிக்கொள்ளும். தகட்டைப் பின்னால் போல்ட் போட்டு மாட்டுகிற மாதிரி வடிவமையுங்கள். புதுத் துத்தநாகத்தின் மேல் சாதா எனாமல் நேரடியாக அடித்தால் சில மாதத்தில் தோல் தோலாக உரியும். பெயின்டின் எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து இடையில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாவதுதான் காரணம். எட்ச் பிரைமர் அல்லது எபாக்சி பிரைமர் அடித்த பிறகே மேல்நிறம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காலைப் பனி உலராத இரும்பில் எந்தப் பிரைமரும் நிற்காது. கால்வனைஸ் ஆன இடத்தைப் பிறகு ஒட்ட நேர்ந்தால் ஓரத்தில் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில், முகமூடியோடு ஒட்டுங்கள். அந்த வெள்ளைப் புகை இரவில் குளிர்காய்ச்சலாக வரும். பால் குடித்தால் வராது என்பது வெறும் நம்பிக்கை.

வியாசர்பாடியில் 12 அடி ஒற்றைக் கதவு கேட் ஒன்று தொங்கிவிட்டது. கீல் பெரிதாகப் போட்டும் நிற்கவில்லை.

கீலின் பருமனைவிட இரண்டு கீலுக்கும் இடையிலுள்ள தூரம்தான் முக்கியம். 3.6 மீட்டர் அகலம், 150 கிலோ எடை, கீல்களுக்கு நடுவே 1.2 மீட்டர் என்றால் மேல் கீலைத் தூணிலிருந்து வெளியே இழுக்கும் விசை 150 × 1.8 (அகலத்தில் பாதி) ÷ 1.2, அதாவது 225 கிலோ. கீழ்க் கீல் அதே அளவு தூணை உள்ளே தள்ளும். இதில் 30 கிலோ பிள்ளை நுனியில் தொங்கி ஆடினால் இன்னும் 90 கிலோ. செங்கல் தூணில் சிமென்ட் பூசிப் பதித்த பிடி இதைத் தாங்காது.

அதே கேட்டை 75 கிலோ வீதம் இரண்டு கதவாகப் பிரித்தால் ஒவ்வொரு மேல் கீலிலும் இழுப்பு 56 கிலோதான். ஒற்றைக் கதவே வேண்டும் என்றால் கீல்களை முடிந்த மட்டும் விலக்குங்கள், கான்கிரீட் தூணில் ஆங்கர் போல்ட் போட்ட தட்டில் கீலை வையுங்கள், நுனியில் சக்கரம் கொடுங்கள். குறுக்குப் பட்டையின் திசையும் முக்கியம். மேல் கீலிலிருந்து எதிர்ப்பக்கக் கீழ் மூலைக்குப் போவது இழுபடும், அங்கே 12 மி.மீ. கம்பி போதும். கீழ்க் கீலிலிருந்து மேல் மூலைக்குப் போவது நெருக்குப்படும், அங்கே மெல்லிய பட்டை போட்டால் வளைந்துவிடும், டியூப் வேண்டும்.

ராயபுரத்தில் வீட்டிலேயே செம்புத் தகட்டில் புடைப்பு வேலை செய்கிறேன். தெருக் கோயில் ஒன்றுக்குக் கவசம் கேட்டு வந்திருக்கிறார்கள். ஆழமான இடத்தில் தகடு கிழிகிறது. பெண் என்பதால் பெரிய வேலையை நம்பித் தரத் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

கிழிவது தகடு இறுகிப்போவதால். அடிக்க அடிக்கச் செம்பு கெட்டியாகும். சுத்தியல் ஓசை மந்தமாக இருந்தது கணீரென்று மாறினால் அதற்கு மேல் ஒரு அடிகூட வேண்டாம். தகட்டை எடுத்து நிழலில் வைத்து மங்கிய சிவப்பு தெரியும் வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். வெயிலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அதிகம் சூடாக்கிவிடுவீர்கள். பித்தளையைச் சிவப்பாக இருக்கும்போதே தண்ணீரில் போட்டால் விரிசல் விடலாம். நிறம் கறுத்த பிறகு போடுங்கள். ஆழத்தை ஒரே இடத்தில் இறக்காமல், சுற்றிலும் அகலமாக இறக்கி, நடுவுக்கு வாருங்கள். மூக்கு, மகுடம் போன்ற செங்குத்தான இடத்துக்கு 22 கேஜ், சுமார் 0.7 மி.மீ. எடுப்பது நல்லது. 24 கேஜ் அங்கே தாங்காது.

தகட்டைப் பதித்து அடிக்கும் அரக்குப் படுக்கைக்குக் குங்கிலியம் 1 கிலோவுக்குச் சலித்த செங்கல் பொடி 1 முதல் 1¼ கிலோ, எண்ணெய் 50 மி.லி.யில் தொடங்குங்கள். பொடியை முதலில் வறுத்து ஈரத்தை எடுக்காவிட்டால் பொங்கி வழியும். ஆறியதும் நகத்தால் அழுத்தினால் லேசான தடம் விழ வேண்டும். சித்திரை வெயிலில் எண்ணெயைக் குறையுங்கள், மார்கழியில் கொஞ்சம் கூட்டுங்கள்.

நம்பிக்கை விஷயத்தில், கோயில்காரர்கள் பயப்படுவது பெரும்பாலும் உலோகக் கணக்கைப் பற்றி. அதை நீங்களே முந்திக்கொண்டு எழுதிக் கொடுங்கள். சிலையின் பரப்பு 0.7 சதுர மீட்டர் என்றால், புடைப்புக்கும் ஓரத்துக்கும் 20 சதவீதம் சேர்த்து, 0.7 மி.மீ. செம்புக்கு சதுர மீட்டருக்கு 6.3 கிலோ வீதம் 5.3 கிலோ வரும். தகடு வாங்கியதும் ஒருமுறை, வெட்டியதும் ஒருமுறை, முடித்ததும் ஒருமுறை நிர்வாகிகள் முன்னிலையில் எடை போட்டு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். வெட்டுத் துண்டும் அரத்தூளும் யாருக்கு, சேதாரம் எத்தனை சதவீதம் என்பதை முதல் நாளே எழுதுங்கள். இந்த ஒரு நோட்டு அடுத்த கோயிலில் உங்களுக்காகப் பேசும்.

அளவெடுக்கச் சிலையைத் தொடுவது அர்ச்சகர்தான் என்றால், காகிதத்தை எப்படி அழுத்திப் பதிய வைப்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். தாடை, தோள், இடுப்பு மூன்று இடத்திலும் சுற்றளவு தனியாக வேண்டும். கவசம் ஏறி இறங்கும் வழியையும் யோசியுங்கள். கழுத்தைவிட மார்பு அகலம், எனவே மார்புக் கவசமும் முகக் கவசமும் தனித் துண்டுகள். உட்பக்கம் உங்கள் பெயரையும் ஆண்டையும் சின்ன அச்சு உளியால் பதிக்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அடித்த செம்புத் தகட்டைக் கலைக்கூடம் வரை கொண்டுபோனவர்கள் இந்த ஊரிலேயே இருந்தார்கள். சென்னை கலைக் கல்லூரியிலிருந்து வந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வேலை செய்த பி.வி. ஜானகிராம் தகட்டுப் புடைப்பிலேயே தன் சிற்பங்களைச் செய்தார். தகட்டு வேலையைச் சிலை வார்ப்புக்குக் கீழாக நினைக்க வேண்டியதில்லை.

பெரம்பூர். உள்அலங்கார நிறுவனம் ஒன்றுக்குப் பித்தளைத் தடுப்பு செய்து கொடுத்து நான்கு மாதமாகப் பாக்கி வரவில்லை.

உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழிலுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இணையத்தில் ஆதார் வைத்துச் செய்யலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தரகரிடம் போக வேண்டாம். வேலையை ஒப்படைப்பதற்கு முன்பே பதிவு இருந்திருந்தால், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. நீங்கள் பொருளோடு பொருத்தும் வேலையும் சேர்த்தால் பில்லில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

இந்தப் பாக்கிகளை விசாரிக்கும் குறு, சிறு தொழில் வசதி மன்றத்துக்குப் போவதற்கு முன் ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடு தாண்டி வைத்திருக்கும் பாக்கியை, கொடுக்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. இதை அவர்களுடைய கணக்காளர் உடனே புரிந்துகொள்வார். கடிதத்தோடு ஒப்படைப்புச் சீட்டின் நகல் இருக்க வேண்டும். தேதியும் கையெழுத்தும் வாங்காமல் இறக்கிவைத்த சரக்குக்கு எந்தச் சட்டமும் எளிதில் உதவாது.

புளியந்தோப்பு. அரசு உதவி, விருது, அடையாள அட்டை இவற்றில் எது உண்மையில் பயன்படும்?

வரிசையாகச் சொன்னால் முதலில் கைவினைஞர் அடையாள அட்டை. மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் தருகிறது. அரசுக் கண்காட்சிகளில் கடை கேட்க இது வேண்டும். கையால் அடித்த, பொறித்த, புடைத்த வேலைக்குத்தான் இது. சாதா வெல்டிங் கேட்டைக் காட்டி விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்தது, தமிழக அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம். 35 வயது நிறைந்திருக்க வேண்டும். 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய், கூடவே வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். தமிழக அரசின் கைவினை நிறுவனமான பூம்புகார் நடத்தும் மாநில விருதுக்குப் பொருளையே கொண்டுபோய் வைக்க வேண்டும். விற்றுப்போன வேலையின் படம் போதாது. அதனால் வருடத்துக்கு ஒரு நல்ல பொருளையாவது விற்காமல் உங்களுக்காகச் செய்துவையுங்கள்.

உங்கள் பித்தளைச் சிலையைச் ‘சுவாமிமலை’ என்று சொல்லி விற்காதீர்கள். அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. புளியந்தோப்பில் செய்தது என்றே எழுதுங்கள்.

கொருக்குப்பேட்டை. பித்தளை வேலையைப் போனில் படம் எடுத்தால் என் முகமும் டியூப் லைட்டும்தான் அதில் தெரிகிறது.

பளபளப்பான உலோகத்தில் சுற்றியிருப்பதெல்லாம் தெரியும், எனவே சுற்றுப்புறத்தை வெள்ளையாக்குங்கள். காலை நேரத்தில் நிழல் பக்கம், இரண்டு புறமும் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, பிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள். மூன்று அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் வடிவம் கோணாது. முழுப் பொருள் ஒன்று, ஒட்டு தெரியும் நெருக்கப் படம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, பொருத்திய இடத்தில் ஒன்று என நாலு படம் போதும். பின்பக்கப் படத்தை விட்டுவிடாதீர்கள், கட்டடக் கலைஞர்கள் அதைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். படத்தோடு உலோகம், கனம், அளவு, எடை, செய்த மாதம் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதுங்கள். வீட்டு எண்ணோ, பூட்டு அமைப்போ படத்தில் தெரியக் கூடாது. வாடிக்கையாளரின் சம்மதத்தை மதிப்பீட்டுத் தாளிலேயே ஒரு வரியாக வாங்கிவிடுங்கள்.